மாட்டு டாக்டருக்கு வந்த காய்ச்சல்

வடக்கனந்தல் பஸ் ஸ்டாப்பில் இறங்கி ‘டாக்டரு வூடு எது’ என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் என் வீட்டைக் காட்டுவார்கள். நீங்கள் வயிற்று வலியோடு வந்திருந்தால் அது உங்கள் தலையெழுத்து. நான் படித்தது பிளஸ் டூ, அதுவும் இரண்டு தவணையில். அதற்கப்புறம் உரக்கடையில் மூட்டை புரட்டிக்கொண்டிருந்தவன், மாட்டுக்குச் சினை ஊசி போடும் பயிற்சி ஒன்றில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினேன். பைக்கின் பின்னால், காளை விந்தை உறைய வைத்திருக்கிற நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பியும்விட்டேன். பெயர் அறிவுச்செல்வன். பெயர் வைத்த அப்பாவிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

சங்கராபுரத்திலிருந்து மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் எங்கே மாடு பருவத்துக்கு வந்து கத்தினாலும் எனக்கு போன் வரும். சினை ஊசியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மற்ற வைத்தியத்தில் தலையிடக் கூடாது என்பதுதான் பயிற்சியில் சொன்ன முதல் பாடம். அந்தப் பாடம் நடக்கும்போது நான் டீ குடிக்கப் போயிருந்தேன் போலிருக்கிறது. கன்று குறுக்கே நின்றாலும், நஞ்சுக்கொடி விழாவிட்டாலும், மாடு தீனி எடுக்காவிட்டாலும் நானே போனேன். டாக்டர் என்று கூப்பிட்ட பிறகு எனக்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

ஊர் மாட்டுக்கெல்லாம் சினை பிடிக்க வைத்தவன் வீட்டில் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகத் தொட்டில் கட்டவில்லை. இதை வைத்து எத்தனை விதமாகச் சிரிக்க முடியுமோ அத்தனை விதமாகவும் டீக்கடையில் சிரித்துவிட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் ஜாஸ்தியாகச் சிரிப்பார்கள். என் மனைவி நிர்மலா மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் ஏறி இறங்காத கோயிலும் இல்லை, பார்க்காத ஆஸ்பத்திரியும் இல்லை. போன தை மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. கிட் வாங்கிப் பார்த்து இரண்டு கோடு தெரிந்ததும், அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை என்று இதுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், அது போதும் என்றுதான் இருவரும் இருந்தோம்.

மாசி பிறந்த பிறகு ஒரு காலையில் கல்வராயன் மலையிலிருந்து கரியன் போன் செய்தார். சாமையும் மரவள்ளியும் போடுகிற மனிதர். கீழே சந்தையில் ஒரு கலப்பின மாட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

“டாக்டரு, மாடு கன்னு வீசிடிச்சி. கொடி வெளிய வரல. நீ வந்தாத்தான் ஆவும்.”

நீ வந்தால்தான் ஆகும் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அப்புறம் கண் தெரியாது. மலைப்பாதை வளைவில் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கன்று மாதம் நிறையாமலே விழுந்து கிடந்தது. இப்படிக் கன்று வீசினால் அதற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கலாம், கால்நடை டாக்டருக்குச் சொல்லியனுப்பு என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். எனக்குச் சொன்னது எதுவும் வீண் போகவில்லை. எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

என் பையில் தோள் வரைக்கும் வருகிற கையுறை இருந்தது. ஆனால் வெறுங்கையால் செய்தால்தான் ஆள் அனுபவசாலி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கரியனின் மனைவி சாமியம்மாளும் அக்கம்பக்கத்து நாலு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, எண்ணெய் தடவிக்கொண்டு, நஞ்சுக்கொடியைப் பிரித்து வெளியே எடுத்துப் போட்டேன். கையில் முள் கீறின காயம் வேறு ஆறாமல் இருந்தது. “டாக்டரு கையி ராசியான கையி” என்றார் சாமியம்மாள். அன்றைக்கு எனக்குக் காலை டிபன் தேவைப்படவில்லை.

அதோடாவது விட்டேனா? கொடியை நாய் இழுத்துவிட்டால் மாட்டுக்குப் பால் வற்றிப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டால், அந்த மரத்தில் பால் வடிகிற மாதிரி மாடும் கறக்கும். கரியனுக்கு முழங்கால் வலி, மரம் ஏற முடியாது. ‘குடுங்க, நான் கட்டுறேன்’ என்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நானே ஏறினேன். பாதி மரத்தில் வைக்கோல் பிரிந்து அதிலிருந்த நீரெல்லாம் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. கீழே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் முகம் சுளிக்காமல் கட்டி முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலச் சட்டையையும் லுங்கியையும் துவைக்கிற கல்லின்மேல் எறிந்துவிட்டுக் குளிக்கப் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நிர்மலா அலசிப் போட்டாள்.

மாதக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. ஒழுக்கமான காய்ச்சல். காலையில் ஒன்றும் இருக்காது, பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பொழுது சாய்ந்தால் குளிர் வந்து பல் கிடுகிடுக்கும். பிறகு வேர்வை கொட்டும், அதில் ஈர வைக்கோல் நாற்றம் அடிக்கும். மாட்டோடு கிடக்கிறவனுக்கு வேறென்ன நாற்றம் அடிக்கும் என்று விட்டுவிட்டேன். மூட்டு மூட்டாக வலி. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். சொல்லிவைத்தாற்போல நாலு நாள் விட்டு மறுபடியும் வந்தது.

ஊரில் மற்றவர்களுக்கு இந்த இடத்தில் ஒரே ஒரு வழிதான், ஆஸ்பத்திரிக்குப் போவது. எனக்கு இன்னொரு வழியும் இருந்தது. பைக் பெட்டியில் மாட்டுக்குப் போடுகிற காய்ச்சல் ஊசி இருந்தது. மாட்டின் எடை இத்தனை, என் எடை இத்தனை என்று வகுத்துக் கணக்குப் போட்டேன். கணக்கில் என்றைக்கும் நாற்பதைத் தாண்டாதவன் போட்ட கணக்கு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று, மாட்டுத் தோலைத் துளைக்கிற ஊசியால் என் தொடையில் நானே குத்திக்கொண்டேன். அப்போது நான் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த எங்கள் மாடு திரும்பிப் பார்த்தது. இத்தனை நாள் நம்மைக் குத்தினானே என்று அதற்கு ஒரு திருப்தி இருந்திருக்கும்.

நொண்டிக்கொண்டு உள்ளே வந்தேன். மாடு உதைத்துவிட்டது என்று நிர்மலாவிடம் சொன்னேன். மறுநாள் அவள் காலி பாட்டிலோடு வந்து நின்றாள்.

“ஏங்க, இது மாட்டு மருந்துதான?”

“மருந்துக்கு இன்னாடி தெரியும், உள்ள கீறது மாடா மனுசனான்னு?”

அவள் என்னைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள், போய்விட்டாள். இனி குழந்தைக்கு அப்பா இவன்தானா என்று நினைத்திருப்பாள் என்று நான் நினைத்துச் சிரித்தேன்.

இன்னும் இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன். பாழாய்ப்போன காய்ச்சல் நின்றுவிட்டது! நிற்காமலாவது இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். நின்றதால் டீக்கடைக்குப் போனேன். ‘ஸ்கேனு, டெஸ்ட்டுன்னு எதுக்கு அலையறீங்க, உடம்பு ஒண்ணுதான், மருந்து ஒண்ணுதான்’ என்று நான் ஆற்றிய உரையை வடக்கனந்தலில் நிறையப் பேர் கேட்டார்கள். ஒருவரும் தொடையைக் காட்டவில்லை என்பது என் நல்ல காலம்.

வைகாசியில் வட்டியோடு திரும்பி வந்தது. இந்தத் தடவை முதுகு பிடித்துக்கொண்டது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, விரையில் ஒரு பக்கம் வீங்கிவிட்டது. காலை அகட்டி அகட்டி நடந்தேன். ‘பைக் ஜாஸ்தி ஓட்டுனா அப்பிடித்தான்’ என்று ஒருவர், ‘சூடு, வெந்தயம் ஊற வச்சிக் குடி’ என்று ஒருவர், ‘எந்த மாடு உதைச்சிது’ என்று ஒருவர். கடைசியில் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனேன். பைக்கில் உட்கார முடியவில்லை.

அங்கே என்னைப் பார்த்தவர் டாக்டர் சுபஸ்ரீ. சின்ன வயசு. நான் முதுகு வலி என்றேன். வேறெங்கே வலி என்று கேட்டார். வேறெங்கும் இல்லை என்றேன். “அப்ப ஏன் இப்பிடி நடந்து வந்தீங்க?” என்றார். கூரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

“என்ன வேலை செய்றீங்க?”

“விவசாயங்க.”

மாட்டு டாக்டர் என்று அசல் டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் விடவில்லை. ஆடு மாடு வைத்திருக்கிறீர்களா, பச்சைப் பால் குடிப்பீர்களா, பிரசவம் பார்த்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கரியன் வீட்டு ஆலமரம் வரைக்கும் வந்துவிட்டார். மரத்தில் ஏறியதைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்தினார். ஊசி போட்டுக்கொண்டதைச் சொன்னபோது பேனாவைக் கீழேயே வைத்துவிட்டார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு மறுபடியும் கூப்பிட்டார்.

“புருசெல்லா. மாட்டுல கன்று வீச்சு உண்டாக்குற கிருமி. அதேதான் உங்களுக்கும் வந்திருக்கு.”

மாட்டு டாக்டருக்கு மாட்டு நோய். டீக்கடையில் இதற்கு எத்தனை நாள் சிரிப்பார்கள் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. “நான்தான் ஊசி போட்டேனேங்க, நின்னுப்போச்சே?” என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். கிருமி ரத்தத்துக்குள் வந்தால் வெள்ளணு வந்து அதை விழுங்கும். விழுங்கி ஒரு சின்னப் பைக்குள் அடைத்து, அந்தப் பையில் அமிலத்தைச் சுரந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொல்லும். மற்ற கிருமிகள் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இது மட்டும் அந்த அமிலத்துக்காகவே காத்திருக்கும்.

“அதுக்கு மூவாயிரத்துக்கு மேல மரபணு இருக்கு. எல்லாம் எப்பவும் வேலை செய்யாது. வெளிய இருக்கும்போது சிலதை அணைச்சு வச்சிருக்கும். அமிலம் சுட்டதும், சாப்பாடும் கம்மியானதும், ஓகோ, வெள்ளணுவுக்குள்ள வந்துட்டோம்னு அதுக்குத் தெரிஞ்சிடும். உடனே அணைஞ்சிருந்த மரபணுக்கள்ல ஒரு கூட்டத்தை சுவிட்ச் போட்ட மாதிரி போட்டுவிடும். அதுல இருந்து ஊசி மாதிரி ஒரு கருவி தயாராகும். அந்த ஊசி வழியா வெள்ளணுவுக்குள்ள சில பொருளைச் செலுத்தி, அந்தப் பை கொலைக்களத்துக்குப் போகாம வேற பக்கம் திருப்பிவிட்டுடும். அப்புறம் அந்த அணு தனக்கு வேண்டியதைச் சமைக்கிற இடத்துலயே போய் உக்காந்து பெருகும்.”

திருடனைப் பிடித்த போலீஸ்காரர் அவனை ஸ்டேஷன் சமையல்கட்டிலேயே குடிவைத்த கதைதான். நான் போட்ட அரைகுறை மருந்து வெளியே திரிந்ததைத்தான் கொன்றதாம். உள்ளே குடியிருந்தது அசையாமல் இருந்துவிட்டு, மருந்து வற்றியதும் வெளியே வந்திருக்கிறது. அதனால்தான் அணுவுக்குள்ளேயே போய் வேலை செய்கிற இரண்டு மருந்துகளைச் சேர்த்து, ஒன்றரை மாதம் விடாமல் சாப்பிட வேண்டுமாம்.

எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு மரியாதை அந்தக் கிருமிமேல் வந்தது. நெருக்கடி வந்தால் எந்த விளக்கைப் போட வேண்டும் என்று கண்ணுக்கே தெரியாத அதற்குத் தெரிகிறது. நெருக்கடி வந்தால் எனக்குள் எரிகிற விளக்கு ஒன்றுதான், வாயில் வருகிற பொய். முதுகு வலி, விவசாயம், மாடு உதைத்தது என்று இந்த நோயில் மட்டும் எத்தனை தடவை எரிந்திருக்கிறது!

“வீட்டுல வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கா?”

“இல்லீங்க. நானும் என் வொய்ஃபும் மட்டுந்தான். அது முழுகாம இருக்குது. அஞ்சாம் மாசம்.”

டாக்டர் சுபஸ்ரீயின் முகம் மாறியது. “அன்னைக்கு நீங்க போட்டிருந்த துணியை யாரு தொவைச்சா?”

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கன்று வீச்சு என்று அவர் முதலில் சொன்னபோது அது எனக்கு ஒரு மாட்டு நோயின் பெயராகத்தான் இருந்தது. இப்போதுதான் அந்தப் பெயரின் அர்த்தம் உறைத்தது. கரியன் வீட்டு வாசலில் விழுந்து கிடந்த கன்றுதான் கண்முன் நின்றது. மாத்திரை வாங்கக்கூட நிற்காமல் ஓடினேன், அந்த நடையில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

மறுநாளே நிர்மலாவை அழைத்துக்கொண்டு போனேன். என்ன விஷயம் என்று பஸ்ஸில் சொன்னேன். டீக்கடைக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருந்ததை, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து காத்திருந்த நாட்களில் நான் எந்த மாட்டையும் பார்க்கப் போகவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றிடமும், என்னை வேண்டுமானால் வீங்க வை, அந்தக் குழந்தையை விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டேன்.

அவளுக்கும் இருந்தது.

டாக்டர் சுபஸ்ரீயும், பிரசவ வார்டு டாக்டர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து எங்களிடம் பேசினார்கள். முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் இதயம் நன்றாக அடித்தது. அந்தச் சத்தத்தை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். இந்தத் தடவை அழவில்லை என்று சொல்ல முடியாது, நர்ஸே பார்த்துவிட்டார். கர்ப்பிணிக்கு ஆபத்தில்லாத மாத்திரைகளை எழுதினார்கள். சரியாகச் சாப்பிட்டு, அடிக்கடி வந்து காட்டினால் காப்பாற்றிவிடலாம், ஆனால் இப்போதே எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

“எத்தனை நாளா சாயங்காலம் காய்ச்சல் வருதும்மா?” என்று கேட்டார் டாக்டர் சுபஸ்ரீ.

“பங்குனியில இருந்து வந்துகினு கீதுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்தவன் நான். பிரசவ வார்டில் மாசாமாசம் காட்டியபோதும் காலை நேரத்தில் உடம்பு சுடவில்லை, இவளும் சொல்லவில்லை.

“இத்தனை நாள் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல? வீட்டுக்காரர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

நிர்மலா தலையைக் குனிந்துகொண்டு புடவை முந்தானையை விரலில் சுற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“இங்க சொன்னா அவுருக்குத் தெரிஞ்சிடும்னு பயங்க. அவுருகிட்ட சொன்னா மாட்டு ஊசிய எடுத்துகினு வந்துடுவாரு. பாப்பாவுக்கு இன்னா ஆவுமோன்னுதான் பல்லக் கடிச்சிக்கினு கிடந்தேன்.”

நர்ஸ் சிரித்துவிட்டார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்தேன். டாக்டர் சுபஸ்ரீ சிரிக்கவில்லை.

“சொல்லாம இருந்தது தப்பும்மா. ஆனா நீங்க பயந்ததுல தப்பில்ல. அவர் போட்டுக்கிட்ட அந்த ஊசி வயித்துல இருக்கிற குழந்தையோட எலும்பு, பல்லு எல்லாத்தையும் கெடுக்கும். நல்ல வேளை, அது உங்க உடம்புல ஏறல.”

எனக்குச் சிரிப்பு எங்கேயோ பாதியில் நின்றுவிட்டது.

மாத்திரைப் பைகளோடு, ஊருக்குத் திரும்பக் கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினோம். சங்கராபுரத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் மாடு முனகினால் என்னைத் தேடுகிறார்கள். என் பெண்டாட்டி மட்டும் மாதக்கணக்கில் காய்ச்சலை விழுங்கிக்கொண்டு என்னிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாள். நோயிலிருந்து இல்லை, என்னிடமிருந்து. அதற்கு எப்படிச் சிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனசு ரணமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரம். ஜன்னலில் சாய்ந்து தூங்கிய நிர்மலா பஸ் குலுங்கியதில் விழித்துக்கொண்டு நடுங்கினாள். உதடு வறண்டிருந்தது. காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்க்க, அவள் நெற்றியைத் தொடக் கையைக் கொண்டுபோனேன். அவள் சட்டென்று பின்னால் சாய்ந்து என் கையைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நெற்றியைக் கொடுத்தாள்.